வீட்டில் இருக்கிற ஆண்களுக்குக் கடைசியாக எப்போ பிரஷர் பார்த்தீங்க?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் தெருவுக்கு வரும்போது பெரும்பாலும் பகல் நேரம். அம்மாவும் பாட்டியும் வீட்டில் இருப்பாங்க, கையை நீட்டி பிரஷர் பார்த்துக்குவாங்க. அப்பாவோ கடையிலோ, லாரியிலோ, கம்பெனியிலோ இருப்பார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம் வீட்டு வாசல் வரைக்கும் வருது. ஆனால் வேலைக்குப் போன ஆண் அதில் விடுபட்டுப் போகிறார். பணியிடத்திலேயே பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-ல் வந்ததற்கும் காரணம் இதுதான். சின்னக் கடை, ஆட்டோ, விவசாயம்னு இருப்பவர்கள் தாங்களாகத்தான் போக வேண்டும்.

எங்கே போவது? பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையம். ஓ.பி. சீட்டு வாங்கும்போதே "30 வயசு தாண்டிடுச்சு, சுகர், பிரஷர் பார்க்கணும்" என்று சொன்னால் போதும், தொற்றா நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். கட்டணம் இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்பதுதான் நாம் அதிகம் கேட்கும் பதில். சிக்கலே அங்கேதான் இருக்கு. ரத்த அழுத்தம் 160-ஐத் தொட்டாலும் பலருக்குத் தலைவலிகூட வராது. உள்ளுக்குள் இதயமும் சிறுநீரகமும் கண்ணும் வருஷக்கணக்கில் சேதமாகும். முதல் அறிகுறியே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வருவதும் உண்டு.

பரிசோதனைக்கு முன்னாடி அரை மணி நேரம் டீ, காபி, பீடி, சிகரெட் வேண்டாம். ஓடி வந்து உடனே கையை நீட்டாமல் ஐந்து நிமிஷம் உட்காருங்க. 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் பயப்பட வேண்டியதில்லை. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், இன்னொரு நாளும் வரச் சொல்வார்கள். சுகருக்கு, ராத்திரி சாப்பிட்டு எட்டு மணி நேரம் கழித்து வெறும் வயிற்றில் போனால் நல்லது. 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. சாப்பாடு, நடைப்பயிற்சியிலேயே பலரால் திரும்பி வர முடிகிற இடம் இது. 126 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்வார்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்க. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், ஆள் ஒல்லியாக இருந்தாலும் கவனிக்கணும்.

ஹான்ஸ், பாக்கு, புகை பழக்கம் உள்ளவர்கள் வாயையும் காட்டுங்க. வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், வாயை முழுசாகத் திறக்க முடியாமை, இவற்றை மறைக்காமல் சொல்லணும். டார்ச் அடித்துப் பார்க்கும் சில நிமிஷ வேலைதான். வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடித்தால் சிகிச்சை சுலபம்.

"போனா ஏதாச்சும் சொல்லிடுவாங்க" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சொன்ன பிறகு மாத்திரையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்குது. பிரஷர் குறைந்துவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீங்க, குறைந்ததே மாத்திரையால்தான்.

ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்குப் பரவும் வலி என்றால் 104-க்கெல்லாம் பேசிக்கொண்டிருக்காமல் உடனே 108.