ஒன்பதாம் நம்பர் எங்கே போனார்?

போன எபிசோடுல ஆஃப்சைடு பத்திப் பேசினோம். இன்னைக்கு ‘ஃபால்ஸ் நைன்’. அதாவது, ஸ்ட்ரைக்கர் இடத்துல ஆடுறவர் அந்த இடத்துலயே நிக்கமாட்டார்.

2009 மே 2. ரியல் மாட்ரிட்டோட சொந்த மைதானம். முதல் கோலும் அவங்களுக்குத்தான், ஹிகுவைன் அடிச்சார். ஆனா பார்சிலோனா கோச் கார்டியோலா, வழக்கமா வலது விங்ல ஆடுற மெஸ்ஸியை நடுவுக்குக் கொண்டு வந்து, ஸ்ட்ரைக்கர் எட்டோவை விங்குக்கு அனுப்பினார்.

மெஸ்ஸி முன்னாடி நிக்காம மிட்ஃபீல்டுக்கு இறங்கி வர்றார். மாட்ரிட் சென்டர் பேக் கன்னவாரோ, மெட்செல்டர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பின்னாடியே போனா, அவங்க விட்டுட்டு வந்த இடம் காலி. போகலைன்னா, சாவி, இனியெஸ்டாவோட மெஸ்ஸியும் சேர்ந்து நடுவுல ஒரு ஆள் கூடுதல். எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்குவாங்க.

பலர் கவனிக்காத விஷயம், மெஸ்ஸி இறங்கி வந்தா மட்டும் போதாது. அந்தக் காலி இடத்துக்குள்ள ஓட ஆள் வேணும். இடது பக்கத்திலிருந்து ஓடினவர் ஹென்றி. அவருக்கு ரெண்டு கோல். முதல் கோலுக்குப் பாஸ் கொடுத்ததே மெஸ்ஸிதான். மெஸ்ஸிக்கும் ரெண்டு. கடைசியில 6-2! ஓட ஆள் இல்லாம இதை காப்பி அடிக்கிற டீம்களைப் பாருங்க: அழகா பாஸ் பண்ணுவாங்க, பாக்ஸுக்குள்ள ஒருத்தரும் இருக்கமாட்டாங்க.

ஐடியா புதுசும் இல்லை. 1953-லயே வெம்ப்ளியில ஹங்கேரியோட ஹிடெகுட்டி இப்படிப் பின்னாடி இறங்கி ஆடி, இங்கிலாந்துக்கு எதிரா ஹாட்ரிக் அடிச்சார். அந்த மேட்ச் 6-3.

அடுத்த மேட்ச்ல பந்தை விட்டுட்டு, சென்டர் பேக் ரெண்டு பேரையும் ஒரு அஞ்சு நிமிஷம் பாருங்க.