உங்களுக்குத் தெரியுமா? – தமிழில் ராக் அண்ட் ரோல் பாடிய சந்திரபாபு

● நெய்வேலி என்றதும் பாட்டு ரசிகர்களுக்கு நெய்வேலி சந்தானகோபாலனின் கச்சேரிதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நகரியம் பிறந்த வருஷங்களில் உலகத்தை ஆட்டிவைத்த பாட்டு வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956-ல். சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தது 1957 மே மாதம். ராக் அண்ட் ரோல் பாடி எல்விஸ் பிரெஸ்லி கொடிகட்டிப் பறந்ததும் அதே சமயத்தில்தான். அந்தத் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நகைச்சுவை நடிகர் ஜே.பி.சந்திரபாபு. வட்டம் வட்டமாக இங்கே குடியேறிய முதல் தலைமுறை, அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை.

● 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் தன் முதல் வெற்றிப் பாட்டைப் பதிவு செய்தபோது டிரம்ஸே கிடையாது. ஆள் உயர பேஸ் வாத்தியத்தின் தந்திகளை இழுத்து அறைந்தே பில் பிளாக் தாளத்தைக் கொடுத்தார். வெள்ளையரின் கிராமத்துப் பாட்டும் கறுப்பின மக்களின் ப்ளூஸும் சேர்ந்த இந்த இசைக்குத்தான் ராக்கபில்லி என்று பெயர்.

● அந்தக் கிராமத்துப் பாட்டின் பிதாமகர்களில் ஒருவர் ஜிம்மி ரோஜர்ஸ். யோடலிங் என்றால் அவர்தான். அவருடைய குரல் முதன்முதலாகப் பதிவானது 1927 ஆகஸ்டில். தூத்துக்குடியில் சந்திரபாபு பிறந்ததும் 1927 ஆகஸ்ட்!

● யோடலிங்கில் அப்படி என்ன இருக்கிறது? நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரல், ஒரே மூச்சில் சட்டென்று மெல்லிய கள்ளக்குரலுக்குத் தாவும். அதே வேகத்தில் திரும்பி இறங்கும். இரண்டு குரலும் சேரும் இடத்தில் ஒரு சின்ன விரிசல் கேட்கும். நம் சங்கீதத்தில் அந்த விரிசல் வெளியே தெரிந்தால் குறை. பாடகர்கள் பல வருஷம் சாதகம் செய்து அதை மறைப்பார்கள். யோடலிங்கில் அந்த விரிசல்தான் அழகு. சந்திரபாபு அதை மறைக்கவே இல்லை. ஒரு வரியை முடிக்கும்போது குரலை உடைத்து மேலே எறிந்து, சுருதி பிசகாமல் பிடிப்பார். தாளம் ஓர் இழை கூடத் தள்ளிப்போகாது. இதைக் கோமாளித்தனம் என்று சிரித்துவிட்டுப் போனவர்கள் ஒரு பெரிய பாடகரைக் கேட்கத் தவறியவர்கள் என்பேன்.

● சந்திரபாபுவின் அப்பா சுதந்திரப் போராட்ட வீரர், பத்திரிகை நடத்தியவர். அதனால் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. மேல்நாட்டுப் பாட்டு தாராளமாகப் புழங்கிய அந்த ஊரில்தான் சந்திரபாபு படித்தார். 1940-களில் சென்னைக்கு வந்து, ‘தன அமராவதி’யில் (1947) முதன்முதலாகத் தலைகாட்டினார்.

● வீணை மேதை எஸ்.பாலசந்தர் திரையில் வாயசைக்க, சந்திரபாபு யோடல் செய்திருக்கிறார்! ஏவி.எம்.மின் ‘பெண்’ (1954) படத்தில், ‘கல்யாணம்’ என்று தொடங்கும் பாட்டு அது, இசை ஆர்.சுதர்சனம். இதில் இன்னொரு விசேஷம். பாட்டே இல்லாத தமிழ்ப் படமான ‘அந்த நாள்’ வந்ததும் அதே ஆண்டு, அதே ஏவி.எம். தயாரிப்பு. இயக்கியவர் இதே பாலசந்தர்.

● ‘சகோதரி’ (1959) படத்துக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்த ஏவி.மெய்யப்பன், சந்திரபாபுவைப் பால்காரராக்கித் தனியாக ஒரு நகைச்சுவைப் பகுதியைச் சேர்த்தார். அதில் வந்த முட்டாள் பாட்டு இன்றைக்கும் கல்யாண மேடைக் கச்சேரிகளில் ஒலிக்கிறது.

● துள்ளல் மட்டும்தான் அவருக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில் கண்ணதாசன் எழுதி அவர் பாடிய தத்துவப் பாட்டில் ஒரு யோடலும் இல்லை, ஒரு குதிப்பும் இல்லை. நிறுத்தி, நிதானமாகப் பாடியிருப்பார். படம் ஓடவில்லை, பாட்டு நின்றது.

● தானே இயக்கி நடித்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ 1966-ல் வந்தது. கதாநாயகி சாவித்திரி. அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் பணம் இல்லை, நண்பர் எம்.எஸ்.விஸ்வநாதன் துணையிருந்தார். 1974 மார்ச்சில் காலமானபோது சந்திரபாபுவுக்கு வயது 46.

● சந்திரபாபுவைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ‘பதிபக்தி’யிலிருந்து (1958) தொடங்கலாம். ராக் அண்ட் ரோல் என்றே ஆரம்பிக்கும் ஒரு பாட்டு அதில் இருக்கிறது. எழுதியவர் யார் தெரியுமா? வயல்காட்டையும் உழைப்பாளியையும் பாடிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்! மெட்டு விஸ்வநாதன் – ராமமூர்த்தி. சந்திரபாபுவோடு சேர்ந்து பாடியவர் சங்கீத வாசனை வீசும் குரல்காரரான வி.என்.சுந்தரம். எல்விஸின் முதல் பதிவு நடந்து நான்கே வருஷத்தில் இது தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ஒலித்துவிட்டது.