"வயசாயிடுச்சு" என்பது ஒரு நோயின் பெயரா?



ஜனாஸா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது யாராவது ஒருவர் கேட்பார், "மையத்துக்கு என்ன செஞ்சது?" என்று. பெரும்பாலும் வரும் பதில், "ஒண்ணுமில்ல, வயசாயிடுச்சு" என்பதுதான். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அஜல் அல்லாஹ்வின் கையில் என்பதில் நமக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் இந்த வார்த்தையை நாம் மவுத்துக்குப் பிறகு மட்டுமா சொல்கிறோம்? அதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். வாப்பா தடுமாறி நடக்கிறார், வயசு. உம்மாவுக்குச் சொன்னது மறந்துபோகிறது, வயசு. நன்னி சரியாகச் சாப்பிடுவதில்லை, அதுவும் வயசு.

இதே கேள்வியை வைத்து உலக அளவில் பெரிய விவாதம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. முதுமை ஒரு நோயா, இல்லையா? டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் அரசுகளும் மருந்து கம்பெனிகளும் இதில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு என்பதால் இந்த இதழில் இதை எடுத்துக்கொண்டோம்.

நோய்களுக்கெல்லாம் எண் கொடுத்து வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவேடும், இன்சூரன்ஸ் பில்லும், இறப்புச் சான்றிதழும் இந்தப் பட்டியலை ஒட்டித்தான் எழுதப்படுகின்றன. அதன் 11-ஆவது பதிப்புக்கு 2019-இல் ஒப்புதல் கிடைத்தது; 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய பதிப்பில் 'மூப்புத் தளர்ச்சி' என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. புதிய பதிப்பில் அந்த இடத்தில் வெறுமனே 'முதுமை' என்றே போட முடிவு செய்தார்கள். உடனே முதியோர் மருத்துவர்களிடமிருந்தும் முதியோர் அமைப்புகளிடமிருந்தும் பலத்த எதிர்ப்பு வந்தது. "முதுமை என்று எழுத ஒரு கட்டம் கொடுத்துவிட்டால், டாக்டர் அதை எழுதிவிட்டுப் போய்விடுவார். உண்மையான காரணத்தை யார் தேடுவார்கள்?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. கடைசியில் அந்தச் சொல் எடுக்கப்பட்டது. வயதால் உடலின் ஆற்றல் குறைவது என்ற பொருள் தரும் நீளமான சொற்றொடர் அந்த இடத்துக்கு வந்தது.

அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பிரிட்டன் ராணி எலிசபெத் 2022 செப்டம்பரில் 96 வயதில் இறந்தபோது, இறப்புச் சான்றிதழில் காரணம் என்று 'முதுமை' என்றுதான் எழுதினார்கள். கடைசி நாள் வரை டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்த ஒருவருக்கு அப்படி எழுதினால் பெரிய நஷ்டம் இல்லை. நம் நாட்டு நிலைமை வேறு. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் டாக்டர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். மீதிப் பேர் எதனால் போனார்கள் என்பதற்கு மருத்துவப் பதிவு கிடையாது. காரணம் தெரியாவிட்டால் எந்த ஊரில் எந்த வைத்தியத்துக்கு ஏற்பாடு வேண்டும் என்று அரசாங்கம் எப்படித் திட்டம் போடும்?

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் சின்க்ளேர் போன்றவர்கள், முதுமையை நோய் என்றே அறிவியுங்கள் என்கிறார்கள். சர்க்கரை, இதய நோய், புற்றுநோய், மறதி நோய் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உடல் மூப்படைவதுதான். ஒவ்வொரு கிளையாக வெட்டுவதைவிட வேரைப் பார்க்கலாமே என்பது அவர்கள் கட்சி. பணக் கணக்கும் இதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு அனுமதி வேண்டுமானால் அது எந்த நோய்க்கு என்று சொல்ல வேண்டும். முதுமை நோய்ப் பட்டியலில் இல்லாததால் 'முதுமைக்கு மருந்து' என்று அனுமதி வாங்க வழியில்லை, இன்சூரன்ஸும் பணம் தராது. அப்படியும் பெரும் பணம் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற கம்பெனி 300 கோடி டாலருடன் தொடங்கப்பட்டது. சவூதி அரேபியாவின் ரியாத்தில் ஹெவல்யூஷன் என்ற அமைப்பு இந்த ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் வரை கொடுக்கத் தயார் என்று அறிவித்தது.

இந்த ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் பெயர் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது: மெட்ஃபார்மின். சர்க்கரைக்குச் சாப்பிடும் அதே மாத்திரைதான். 1957-இல் பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்த பழைய மருந்து, விலையும் மலிவு. 2014-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு, மெட்ஃபார்மின் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையே இல்லாதவர்களைவிடச் சற்று நீண்ட காலம் உயிரோடு இருந்ததாகச் சொன்னது. அதிலிருந்து ஒரே பரபரப்பு. 2022-இல் டென்மார்க் பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2024-இல் வயதான ஆண் குரங்குகளுக்கு 40 மாதம் கொடுத்துப் பார்த்ததில் மூளையில் மூப்பு மெதுவானதாகச் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். குரங்கு குரங்குதான், நாம் நாம்தான். மனிதர்களிடம் சோதிக்க நியூயார்க்கின் நிர் பர்சிலாய் 2015 முதல் முயன்று வருகிறார். 65 முதல் 79 வயது வரை உள்ள சுமார் 3,000 பேரிடம் ஆறு வருடம் பார்க்க வேண்டும் என்பது திட்டம். பல வருடங்களாகியும் முழு நிதி சேரவில்லை. காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரையை நிரூபித்து எந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரர் எங்களிடம் கேட்டார்: "எனக்குச் சுகர் இல்ல. இந்த மாத்திரையைச் சாப்பிட்டா இளமையா இருக்கலாமாமே, வீடியோவுல சொல்றாங்க. வாப்பாவுக்கு வாங்குறதுல பாதியை நான் எடுத்துக்கலாமா?" வேண்டாம் என்று சொன்னோம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இது ஆபத்தாகலாம். உடற்பயிற்சியால் தசை வளர்வதை இது ஓரளவு தடுப்பதாக 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. போதாததற்கு வாப்பாவின் மாத்திரை வேறு பாதியாகிவிடும்!

இந்த மாத்திரை இன்னொரு விதத்திலும் நமக்குப் பாடம் சொன்னது. எங்கள் மருத்துவ முகாமுக்கு ஒரு நன்னியைப் பேரன் கூட்டி வந்தார். வயது 76. கால் மரத்துப்போகிறது, இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார், தொழுகையில் எத்தனை ரக்அத் ஆயிற்று என்று நிற்கவில்லை. ஏற்கெனவே காட்டிய ஓர் இடத்தில் "வயசுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். முகாமுக்கு வந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சுகர் மாத்திரை எத்தனை வருஷமா?" என்பது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக மெட்ஃபார்மின். நீண்ட காலம் அதைச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு உடலில் பி12 சத்து குறையும். அது குறைந்தால் நரம்பு தளரும், ஞாபகமும் தடுமாறும். இரத்தப் பரிசோதனையில் அதுவே தெரிந்தது. ஊசி போட்டார்கள். நான்கைந்து மாதத்தில் நடை தேறியது. ஞாபகம் முழுதாகத் திரும்பவில்லை. ரக்அத் கணக்குக்கு இப்போதும் பேத்தி பக்கத்தில் உட்கார்கிறாள். இரண்டு வருடம் முன்பே பார்த்திருந்தால் இன்னும் மீண்டிருக்கலாம் என்றார் டாக்டர். சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்துவதற்கு இதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று அதைவிட அவசரமானது. நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வாப்பா இன்று காலையில் மகளையே யாரென்று கேட்கிறார், உளறுகிறார், அல்லது ஓயாமல் தூங்குகிறார் என்றால் அது வயசு இல்லை. மறதி நோய் ஒரே இரவில் வராது. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, உப்புச் சத்து குறைவு, சர்க்கரை இறங்கிப்போதல், பக்கவாதம், இரண்டு வாரம் முன்பு விழுந்ததில் மூளைக்கு வெளியே கசிந்த இரத்தம், புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம் என்பதால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம் ஒன்றையும் எழுதியாக வேண்டும். ஜமாஅத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த பெரியவர் திடீரென்று வருவதை நிறுத்திவிடுவார். முட்டிவலி என்பார். உண்மையில் பல நேரம் காரணம் சிறுநீர்க் கசிவு. ஒளு முறிந்துவிடுமே என்ற பயம், ஸஃப்பில் வாடை வந்துவிடுமோ என்ற வெட்கம். நம் தாய்மார்களில் எத்தனையோ பேர் இதற்காகவே கல்யாண வீட்டுக்குப் போவதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அதனால் தொற்றும் மலச்சிக்கலும் வரும். ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கமாக இருந்தால் மாத்திரை உண்டு. பெண்களுக்கு இடுப்புத் தசைப் பயிற்சியிலேயே நல்ல குணம் தெரியும். பெண் டாக்டரிடம் மகளோ மருமகளோ கூடப் போய்ச் சொன்னால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கண்ணும் காதும் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, உலகில் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று சொல்லி 14 காரணங்களைக் குறிப்பிட்டது. காது கேளாமையும், சரிசெய்யாத பார்வைக் குறைவும் அதில் அடக்கம். "உம்மாவுக்குக் காது கேக்காது, விடுங்க" என்று நாம் பேச்சைக் குறைக்கக் குறைக்க அவர் தனிமைக்குள் போய்விடுகிறார். சாப்பாட்டிலும் அப்படித்தான். இரவுக்கு டீயும் ரஸ்க்கும் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், நமக்கும் வேலை மிச்சம். தசை கரைந்து, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத நிலை வருவதற்கு அந்த டீயும் ரஸ்க்கும் ஒரு காரணம். முட்டை, பருப்பு, மீன், தயிர் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிலர் ஒரு ஹதீஸை எடுத்துச் சொல்கிறார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிப்பது, அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. "அதான் முதுமைக்கு மருந்தில்லையே, எதுக்கு அலையணும்?" என்பது அவர்கள் கேள்வி. விளக்கம் சொல்வது ஆலிம்கள் வேலை. எங்களுக்குப் புரிந்ததை மட்டும் சொல்கிறோம்: வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு, செய்துகொள்ளுங்கள் என்றுதான் அந்தப் பதில் தொடங்குகிறது. மூப்பை நிறுத்த முடியாது என்பது ஒன்று; மூப்பு வந்தவருக்குக் கண்புரை எடுக்காமல் விடுவது வேறு.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று பார்த்தால், தமிழ்நாடு இதில் முன்னோடி. 1978-இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார்; நாட்டிலேயே அதுதான் முதலாவது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தேவையும் அப்படி. 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

காப்பீட்டில்தான் எங்களுக்கு மனக்குறை. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை விரிவாக்கியது. மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு உண்டு. இரண்டும் நல்லவை, ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் வரும். பெரியவர்களின் செலவு பெரும்பாலும் படுப்பதற்கு முன்பே ஆகிறது: மாத மாத்திரை, இரத்தப் பரிசோதனை, காதுக்கருவி, பல்செட், உடல் இயக்கப் பயிற்சி. தொடை எலும்பு முறிந்தபின் ஆபரேஷனுக்கு லட்சம் கிடைக்கும். அதற்கு முன் பாத்ரூமில் கைப்பிடி போட 600 ரூபாய் கிடைக்காது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கிறது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள். நம் தெருக்களில் பலர் இதில் பெயரே கொடுக்கவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் 'நமக்கெதுக்கு அரசாங்க மாத்திரை' என்ற எண்ணமும் ஒரு காரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிவு செய்துகொள்வார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள பெரியவர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் காதுக்கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட், கைத்தடி இலவசமாகக் கிடைக்கும். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

பாத்ரூம் கைப்பிடி விஷயத்தை நம் பைத்துல்மால் கூட்டத்தில் வைத்தோம். வசதி இல்லாத வீடுகளுக்கு நாமே போட்டுக் கொடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. பள்ளிவாசலில் ஹவுள் ஓரத்தில் வழுக்கும் இடத்துக்கும் ஒரு கம்பி வைக்க நிர்வாகிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த முகாமுக்குப் பெரியவர்களைக் கூட்டி வரும்போது, அவர்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தலையணைக்கு அடியில் இருப்பதையும், பக்கத்து வீட்டு மாமி கொடுத்ததையும் சேர்த்துத்தான்.