ஃபோலிக் அமிலம்: காலத்தே சேர வேண்டிய சத்து

பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே கருவுற்ற பெண்கள் பலர் கடும் இரத்தசோகையால் துன்புற்றனர். இதன் காரணத்தை ஆராய 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவ அறிஞர் இந்தியா வந்தார். ஈஸ்ட்டின் சாறு இந்நோயைத் தீர்ப்பதை அவர் 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த சத்தே ஃபோலேட் எனப் பின்னர் தெளிவாயிற்று. 1941-இல் கீரை இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் அடியாக ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் இதற்கு ஏற்பட்டது.

உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதற்கு ஃபோலேட் இன்றியமையாதது. இது குறையுமாயின் இரத்தச் சிவப்பணுக்கள் முதிர்ச்சியடையாமல் பருத்துவிடுகின்றன. கீரைகள், பயறு வகைகள், நிலக்கடலை, ஈரல் ஆகியவற்றில் இச்சத்து மிகுதி. எனினும், நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் இதன் பெரும்பகுதி வீணாகிவிடும்.

கருவில் வளரும் சிசுவுக்கு இதன் தேவை மேலும் அவசரமானது. மூளையாகவும் முதுகுத்தண்டாகவும் வளரவிருக்கும் நரம்புக் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. மூடாவிடில் சிசு இறக்க நேரிடலாம். பிழைத்தாலும் வாழ்நாள் முழுவதும் ஊனம் தொடரலாம். முன்னர் இக்குறையுள்ள சிசுவைக் கருவுற்றிருந்த தாய்மாரிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 1991-இல் பிரிட்டனில் வெளியாயின. கருத்தரிக்குமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், மறுமுறை இக்குறை நேர்வது 72 சதவீதம் தவிர்க்கப்படுகிறது என அவை காட்டின.

இந்தியாவில் 1970-இல் தொடங்கிய தேசிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டம், கருவுற்றோருக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளை வழங்கியது. 2018-இல் வகுக்கப்பட்ட இரத்தசோகையற்ற பாரதம் இயக்கத்தின்படி, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 180 நாட்களுக்கு உரியது. ஆயினும், 180 நாட்கள் உட்கொண்டோர் 26 சதவீதமே என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது.

இரத்தசோகையைத் தடுக்க இம்மாத்திரை தேவையே. ஆனால், நான்காம் மாதத்தில் தொடங்கும் மாத்திரையால் முதல் மாதத்திலேயே மூடவேண்டிய நரம்புக் குழலைக் காக்க இயலாது. இதற்கெனக் கருத்தரிக்குமுன் தொடங்கி முதல் மூன்று மாதங்கள் முடியும்வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளுமாறு அதே இயக்கம் அறிவுறுத்துகிறது. ஆனால், பெண்கள் பலர் சுகாதார நிலையத்தை நாடுவதே கருவுற்றதை அறிந்த பின்னர்தான். குடும்பநல ஆலோசனைக்காகப் புதுமணத் தம்பதியரைச் சந்திக்கும் ஆஷா பணியாளர், அப்போதே இம்மாத்திரையையும் வழங்கினால் இந்த இடைவெளி குறையும். மலிவான இம்மாத்திரையின் முழுப்பயன், அது உரிய நாளில் தாயிடம் சேர்வதைப் பொறுத்ததேயாகும்.