எண்ணெய்ச் சாடியில் தெய்வமும் அளவும்

எண்ணெய் டின்னில் லட்சுமி, ஊதுபத்தி உறையில் பிள்ளையார் என்று தெய்வப் படங்கள் நம் கடைகளுக்குப் புதியவை அல்ல. சாமி படம் போட்ட சரக்கில் கலப்படம் இராது என்பது வாங்குவோர் நம்பிக்கை. இவ்வழக்கம் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டில் இருந்தது என்பது வணிகப் பெருமக்கள் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஏதென்ஸ் நகரக் குயவர்கள் மண்சாடிகளில் தங்கள் புராணக் காட்சிகளைத் தீட்டினர். ஒன்றில் ஹெர்குலிஸ் சிங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறான். இன்னொன்றில் அக்கிலிஸ், அஜாக்ஸ் என்னும் மாவீரர்கள் கையில் ஈட்டியோடு பகடை ஆடுகிறார்கள். அதைச் செய்த எக்சேக்கியாஸ் தம் பெயரையும் எழுதி வைத்தார். இந்தக் கறுப்பு ஓவியத்துக்குத் தனிச் சாயம் கிடையாது. நைசான களிமண் கரைசலால் வரைந்து, சூளையில் காற்றை விட்டும் அடைத்தும் சுட்டால், வரைந்த இடம் கறுக்கும். மற்ற இடம் சிவக்கும். பல சாடிகளின் அடியில் வியாபாரிகள் கீறிய குறிகளும், சிலவற்றில் விலையும் உள்ளன.

அதீனா தேவிக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த பெருவிழாவில், போட்டியில் வென்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெயே பரிசு. சாடியின் ஒரு புறம் ஈட்டி ஏந்திய அதீனா. அருகில், இது ஏதென்ஸ் பரிசு என்ற எழுத்து. மறுபுறம் போட்டிக் காட்சி. ஒரு சாடி ஏறத்தாழ 36 முதல் 40 லிட்டர் வரை கொள்ளும். நம் 15 கிலோ டின் இரண்டுக்கும் மேல்! தெய்வப் படமும் ஊர்ப் பெயரும் சேர்ந்து சரக்குக்குச் சாட்சி சொல்லின.

வாடிகன் அருங்காட்சியகத்தில் உள்ள இன்னொரு சாடி நம் மளிகைக் கடையையே காட்டுகிறது. ஒரு பக்கத்தில் எண்ணெய் வியாபாரி, தாம் பணக்காரராக வேண்டும் என்று ஜீயஸ் தேவனை வேண்டுகிறார். மறுபக்கத்தில் அளவுப் பேச்சு. நிறைந்துவிட்டது, வழிந்தும்விட்டது என்கிறது எழுத்து. வேண்டுதல் ஒரு பக்கம், அளவு மறுபக்கம் என்று வரைந்தவர் வியாபாரத்தை அறிந்தவரே!

அந்த ஓவியச் சாடிகளுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னால் மத்தியதரைக் கடல் சரக்கு நம் கரைக்கும் வந்தது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மேல்நாட்டுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸின் மதுவும் ஆலிவ் எண்ணெயும் இங்கு இறங்கியதை அத்தகைய ஓடுகள் சொல்கின்றன.

பெரும்பாக்கத்தில் அன்றாடக் கூலியை நம்பி, அன்றன்றைக்கு வேண்டியதைக் கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்கும் குடும்பங்கள் பல. நூறு கிராமில் பத்துக் கிராம் குறைந்தால் நமக்கு அது சில்லறை. அவர்களுக்கு ஒரு வேளைக் குழம்பின் பருப்பு. பொட்டலத்தில் நிகர எடை அச்சிட வேண்டும், தராசுக்கு அரசு முத்திரை வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தராசில் முள் நிற்கும் இடத்தைச் சட்டத்துக்கு முன்பே வாடிக்கையாளர் கண் பார்த்துவிடுகிறது. கல்லாவுக்கு மேல் மாட்டிய தெய்வப் படத்துக்குக் காலையில் பூ வைக்கும்போது, தராசின் தட்டையும் துடைத்து முள்ளைச் சரிபார்ப்போமாக!