பட்டையைப் பார்த்து வைத்த பெயர்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே கூவம் ஆற்றங்கரையில் இருக்கும் திருவேற்காட்டுக்கு வேல மரக் காட்டினால் வந்த பெயர். அங்குள்ள வேதபுரீசுவரர் கோயிலின் தலமரம் வெள்வேல். தாவரவியலார் இதை லியூகோஃபிளோயா என்கிறார்கள். கிரேக்கத்தில் ‘லியூகோஸ்’ என்றால் வெண்மை, ‘ஃபிளோயோஸ்’ என்றால் மரப்பட்டை. கருவேலின் அடிமரம் கறுத்து நீள நீளமாக வெடித்திருக்கும். வெள்வேலின் பட்டையோ இளமையில் வெளிறி, வழவழப்பாக இருக்கும். முதிர்ந்த பிறகுதான் அடிப்பக்கம் கறுத்துச் சொரசொரக்கும். பெயர் வைத்தவர்கள் பட்டையை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். சாராயம் காய்ச்சியவர்களும் இதே பட்டையைத்தான் தேடினார்கள்; அதிலுள்ள துவர்ப்புச் சத்து ஊறலில் இருக்கும் புரதத்தைப் படிய வைக்கும். இமயமலையின் பூர்ஜ மரத்துக்கும் பட்டைதான் பெயர் கொடுத்தது. பூர்ஜம் என்ற வடசொல்லும் பர்ச் என்ற ஆங்கிலச் சொல்லும் ‘வெண்மையாக ஒளிர்வது’ என்று பொருள்படும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. 1825இல் டேவிட் டான் அதற்குச் சூட்டிய பெயர் பெட்டுலா யூடிலிஸ். யூடிலிஸ் என்றால் பயன்படுவது. தாள் தாளாக உரியும் அந்தப் பட்டையில் நூல்களே எழுதினார்கள். 1881இல் கிடைத்த பக்‌ஷாலி கணிதச் சுவடி அப்படிப்பட்டது. ஆக, மக்கள் இட்ட பெயரும் அறிவியல் ஆவணம்தான் என்பது என் வாதம்.

மக்கள் இட்ட பெயரை நம்ப முடியாது, சீமைக் கருவேல் வேலினமே இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ‘சீமை’ என்ற அடைமொழியே அது வெளியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறது. தாவரவியல் பெயர்களும் நிலையாக நிற்பதில்லை. அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்கே என்று 2005 வியன்னா தாவரவியல் மாநாடு முடிவு செய்ததால், அதுவரை அகேசியாவாக இருந்த நம் வெள்வேல் இப்போது வாச்செல்லியா ஆகிவிட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட், ஆர்னாட் என்ற தாவரவியலாருடன் சேர்ந்து 1834இல் வெளியிட்ட பேரினப் பெயர் அது. சீனாவில் செடிகள் சேகரித்த வாச்செல் என்ற பாதிரியாரின் நினைவாக வைத்தது. அகேசியாவிலாவது கூர்முனை என்ற பொருளில் முள் இருந்தது. வாச்செல்லியாவில் மரத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அடையாளம் காட்டுவதே தாவரவியல் பெயரின் வேலை, வர்ணிப்பது அல்ல என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன்; உலகம் முழுக்க ஒரு மரத்துக்கு ஒரே பெயர் வேண்டும். அதனால்தான் பூங்காக்களிலும் கோயில்களிலும் மரத்துக்குப் பலகை வைப்பவர்கள் இரண்டு பெயரையும் எழுத வேண்டும் என்கிறேன். வெறுமனே ‘வேல்’ என்று எழுதிவைத்தால் கருவேலா, வெள்வேலா, குடைவேலா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வாச்செல்லியா லியூகோஃபிளோயா என்று மட்டும் எழுதினால், பட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எந்தக் குழந்தைக்கும் தோன்றாது.