வரிசையில் வரும் மின்னாற்றல்: எந்திர ஊர்தியில் ரிலேயின் பணி

மரக்காணம் உப்பளங்களில் உவர்நீர் நேராக உப்புப் பாத்திக்குச் செல்வதில்லை. முதலில் தேக்கத்திலும், பின்னர் வெயிலில் செறிவூட்டும் பாத்திகளிலும் தங்கி, ஏறத்தாழ 25 போமே அளவை எட்டிய பின்னரே உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடப்படும். முந்திக்கொண்டு மடையைத் திறந்தால் சுண்ணச் சத்தும் உடன் படிந்து உப்பின் தரம் கெடும். எதனை முதலில் திறப்பது, எதனைப் பின்னர்த் திறப்பது என்னும் இவ்வறிவே மாணவர்கள் ஆர்வத்தோடு செய்யும் எந்திர ஊர்திகளுக்கும் இன்றியமையாததாகும்.

வரிசையாக இயங்கும் பொறிகள் புதியன அல்ல. அல்-ஜஸரி என்னும் பொறியியல் அறிஞர் 1206ஆம் ஆண்டில் நிறைவு செய்த நூலில், சுழலும் தண்டின் முளைகள் நெம்புகோல்களை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த, இசைப் பாவைகள் இயங்கும் படகொன்றை விளக்கியுள்ளார். அன்று முளை செய்த பணியை இன்று மின்சாரத்தால் செய்வது ரிலே.

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சாவியாகும். சுருளில் சிறு மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகி, இரும்புத் தகட்டை இழுத்து, பெரு மின்னோட்டம் செல்லும் முனைகளை இணைக்கும். களைத்த குதிரையை மாற்றிப் புதுக் குதிரையில் செய்தியைக் கொண்டுசென்ற அஞ்சல் முறையைக் குறித்த சொல்லே தந்தி வழியாக இக்கருவிக்குப் பெயராயிற்று. நம் ஊர்ப் பம்புசெட்டின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் இத்தத்துவமே உள்ளது. மின்சாரம் நின்றால் சுருள் காந்தத்தை இழந்து இணைப்பை விடுவிக்கும். மீண்டும் மின்சாரம் வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது. மோட்டாரைத் தொட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருப்பவரின் கைகளைக் காப்பது இவ்வேற்பாடே.

எந்திர ஊர்தியில் மூன்று பகுதிகள் உண்டு: கட்டளையிடும் நுண்கட்டுப்படுத்தி, சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார், இவ்விரண்டிற்கும் இடைநின்று ஆற்றலை அளந்து விடும் மோட்டார் கட்டுப்படுத்தி. அனைத்திற்கும் ஒரே சாவியால் ஒருசேர மின்சாரம் அளித்தால் இரு தீங்குகள் நேரக்கூடும்.

முதலாவது, நுண்கட்டுப்படுத்தி தன் நிரலைத் தொடங்கச் சிறிது நேரம் ஆகும். அதுவரை அதன் கட்டளைக் கம்பிகள் உறுதியான நிலையில் இரா. அப்போதே மோட்டார் கட்டுப்படுத்தி விழித்திருந்தால், கட்டளையற்ற அசைவைக் கட்டளையெனக் கொண்டு சக்கரத்தைத் திடீரெனச் சுழற்றக்கூடும். ஆகவே மூளைக்கு முதலில் மின்சாரம் தருக. அது நிலைபெற்று, வேகம் சுழியம் என உறுதி செய்த பின்னர் ரிலே வழியாக மோட்டார் பகுதிக்கு ஆற்றல் தருக.

இரண்டாவது, மோட்டார் கட்டுப்படுத்தியிலுள்ள பெரிய மின்தேக்கி வெறுமையாக இருக்கும். 24 வோல்ட் பாட்டரியை நேராக இணைத்து, கம்பிவழித் தடை 0.05 ஓம் மட்டுமே எனின், கணக்கின்படி ஒரு கணம் 480 ஆம்பியர் வரை பாயக்கூடும். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ள இதுவே போதும். ஒட்டிய ரிலே, நிறுத்து என்றாலும் நிறுத்தாது! இதனைத் தவிர்க்க, முதலில் ஒரு சிறு ரிலே 10 ஓம் மின்தடையின் வழியே மின்தேக்கியை நிரப்ப வேண்டும். அப்போது 2.4 ஆம்பியருக்கு மேல் பாயாது. மின்தேக்கி 2000 மைக்ரோஃபாரட் எனின் 0.1 வினாடியில் அது ஏறத்தாழ முழுதும் நிரம்பிவிடும். அரை வினாடி கழித்து முதன்மை ரிலே மூடினால் தீப்பொறி இராது.

நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும். முதலில் சக்கரங்களை நிறுத்துக. அடுத்து மோட்டார் ஆற்றலைத் துண்டிக்க; இறுதியில் மூளையை அணைக்க. ஓடும் மோட்டாரைத் தடுக்கும்போது அது மின்னாக்கியாக மாறி ஆற்றலைத் திருப்பியனுப்பும். நெருக்கடியில் ரிலே திறந்தாலும் அவ்வாற்றல் பாட்டரிக்குத் திரும்ப, முதன்மை ரிலே முனைகளின் குறுக்கே தக்க திசையில் ஒரு டையோடு அமைத்தல் நன்று. ரிலேச் சுருளின் குறுக்கே மற்றொரு டையோடு, சுருள் அணையும்போது எழும் உயர் மின்னழுத்தத்திலிருந்து கட்டளைச் சுற்றைக் காக்கும்.

பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். சிவப்பு நிறுத்தப் பொத்தான், நிரலை நம்பாமல், ரிலேச் சுருளின் மின்வழியிலேயே தொடராக அமைய வேண்டும். கம்பி அறுந்தாலும் ஊர்தி நிற்கும்; ஓடாது. கீழ்புத்துப்பட்டு போன்ற உவர்க்காற்று வீசும் ஊர்களில் உலோக முனைகள் விரைவில் அரிக்கப்படுமாதலால், மூடி முத்திரையிட்ட ரிலேயையே தேர்ந்தெடுக்க வேண்டும். ரிலேயின் மேல் எழுதியுள்ள 250 வோல்ட் என்பது மாறுதிசை மின்சாரத்திற்கான அளவாகும். நேர்மின்சாரத்தில் தீப்பொறி எளிதில் அணையாது. அதற்குரிய அளவைத் தனியே நோக்குக.

ஊர்தியை விரைந்து ஓடச் செய்வது திறமை. வேண்டிய கணத்தில் நிற்கச் செய்வது பொறுப்பு. பொறுப்பை முதலில் கற்று, விரைவைப் பின்னர்க் கற்பதே மாணவர் கைக்கொள்ள வேண்டிய வரிசையாகும்.